ரெபேக்காவின் கதையை நியாடெங் சொன்ன நாள்

முதல் நாள்

வேலை கிடைத்த உடனே என் மனிசனுக்கு போன் எடுத்துச் சொன்னேன். "ஆபிரிக்கப் பெண்களுக்கு தலைமைத்துவப் பயிற்சி குடுக்கிற இடம். இயக்கம் கட்டுறதுக்கு உதவி செய்யிற வேலையாம்."

அவர் மெதுவாகக் கேட்டார்: "இயக்கமோ? ஜெசி, உமக்கென்ன விசரே? மன்னாரை விட்டு நாங்கள் ஏன் வந்தனாங்கள்?"

விளம்பரத்தில் 'மூவ்மென்ட் பில்டிங்' என்று இருந்தது. நான் அதை அப்படியே தமிழாக்கிச் சொன்னதால் வந்த வினை. எங்கள் ஆட்களுக்கு இயக்கம் என்றால் துவக்கு தூக்கிச் சண்டைக்குப் போவது. துவக்கில்லாத இயக்கமும் உலகத்தில் இருக்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்த அன்று பின்னேரம் முழுக்கப் போனது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கே அது சரியாக விளங்கியிருக்கவில்லை.

எங்கள் கந்தோர் லண்டனில் ஸ்ட்ராட்போர்ட் பக்கம் ஒரு பழைய தேவாலயத்தின் பின்கட்டில் இருந்தது. மண்டபம் புக் பண்ணுவது, பிள்ளைகளைப் பார்க்க ஆள் ஒழுங்கு செய்வது, சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர், மைக் எல்லாம் என் பொறுப்பு. பதவிப் பெயர் புரோகிராம் கோர்டினேற்றர். முதல் செஷனுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி கதிரைகளை வரிசையாக அடுக்கி, முன்னுக்கு ஒரு மேசையும் போட்டு வைத்திருந்தேன். எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் எஸி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கானாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த பெண், என்னைவிட இளையவர்.

"மேசை வேண்டாம் ஜெசி. கதிரையளை வட்டமாப் போடுவம். உங்களுக்கும் ஒண்டு போடுங்கோ."

"நான் பின்னுக்கு நிண்டு தேத்தண்ணி அலுவலைப் பாக்கிறன்."

"தேத்தண்ணியை முறை வைச்சு எல்லாருமாப் போடலாம். ஒருத்தி தேத்தண்ணி போட மற்றவை இருந்து கதைக்கிறதெண்டால் அதுக்குப் பயிற்சி தேவையில்லை. அது எல்லா வீட்டிலயும் நடக்குது."

எஸி பேசியது ஆங்கிலம். அங்கே எல்லோரும் தத்தம் ஊர் ராகத்தில் ஆங்கிலம்தான் பேசினார்கள். ஆனால் எனக்கு அதெல்லாம் என் வாய்த்தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

பெண்ணியத் தலைமைத்துவம் என்றால் பெண்களை மேடையில் ஏற்றிவிடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேடையே ஏன் என்று கேட்கிற ஆட்களிடம் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பது அன்று வட்டத்தில் இருந்தபோதுதான் தெரிந்தது.

பின்னல் கடை

ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு பாட்ச் பெண்கள் வருவார்கள். முதல் பாதி பயிற்சி. மறு பாதியில் தாங்களே ஒரு பிரச்சினையைத் தெரிந்தெடுத்து, ஆட்களைத் திரட்டி, அதற்கு ஒரு வழி காணவேண்டும். நான் சொல்லப்போவது ஒரு வருடத்துப் பாட்ச் பற்றி. அதில் தென் சூடானில் இருந்து வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

ஒருவர் ரெபேக்கா. பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு உதவியாளர். அளந்து பேசுவார். மற்றவர் நியாடெங். முதியோர் இல்லத்தில் வேலை, நல்ல உயரம், சிரித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும். இருவரும் ஒரே நாடு, ஆனால் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்த இரண்டு இனங்கள். அந்த இனங்களின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பயிற்சிக்கு வந்த இரண்டாம் மாதமே அவர்கள் அதைச் சொல்லித் தங்களை அறிமுகப்படுத்துவதை விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் வட்டத்தில் ரெபேக்கா தன் கதையைச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருக்கு ஆங்கிலம் பெரிதாக வராது. நிறைமாதத்தில் வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். சொல்லத் தெரியவில்லை. வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறார். பயப்படுகிறார் என்று நினைத்து நர்ஸ்மார் தட்டிக்கொடுத்து, கதிரையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். டொக்டர் வந்து பார்க்கும்போது பிள்ளைக்கு உயிர் இல்லை.

நியாடெங்தான் கேட்டார்: "ரெபேக்கா, இதை எடுத்து நாங்கள் வேலை செய்யலாமோ? நீ ஓம் எண்டால் மட்டும்."

அப்படிக் கேட்பது எங்கள் பயிற்சியில் உள்ள விதி. ஒருத்தியின் கதை அவளுடையது. அவள் சொல்லாமல் இன்னொருத்தி அதை வெளியே எடுத்துப் பேசக்கூடாது. ரெபேக்கா ஓம் என்றார். பிரசவ வார்டில் எந்த நேரமும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது அந்தப் பாட்சின் கோரிக்கையானது.

அதற்குப் பிறகு நான் பார்த்தது எனக்குப் புதினம். நியாடெங் என்னை கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதியில் உள்ள தலைபின்னும் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏன் இஞ்ச?" என்றேன்.

"பின்னி முடியுமட்டும் அவையளாலை எழும்பிப் போக ஏலாது, ஜெசி. எவ்வளவு நேரம் எண்டாலும் கதைக்கலாம்."

பாதி பின்னிய தலையோடு ஒரு கொங்கோப் பெண் தன் பிரசவக் கதையைத் தொடங்குவார். சீப்போடு நிற்கிற நைஜீரியப் பெண் கையை நிறுத்திவிட்டுத் தன்னுடையதைச் சொல்வார். வாசலில் காத்திருக்கிற சோமாலியப் பெண் உள்ளே வந்துவிடுவார். நோட்டீஸ் இல்லை, தலைவர் இல்லை. ரெபேக்கா தேவாலயங்களுக்குப் போனார், மற்றவர்கள் பள்ளிவாசல்களுக்கு. மாரிக்குளிர் முடிகிறபோது ஆஸ்பத்திரி நிர்வாகம் தன் பொதுக்கூட்டத்தில் எங்களைப் பேச அழைத்தது. ரெபேக்காவும் நியாடெங்கும் பேசுவது என்று முடிவானது.

செய்தி

கூட்டத்துக்கு இன்னும் ஒன்றரைக் கிழமை, பத்து நாள், இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை எஸி கந்தோருக்குள் வந்து கதவைச் சாத்தினார். ரெபேக்காவின் ஊரில் தாக்குதல். அவருடைய ஒரே தம்பியைக் கொன்றுவிட்டார்கள். கொன்றது நியாடெங்கின் இனத்து ஆயுதக்காரர்.

அன்று மத்தியானமே எங்கள் வாட்ஸ்அப் குழு உடைந்தது. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் முகநூலில் எழுதியதெல்லாம் அதற்குள் வந்து விழுந்தது. யாரோ ஒருவன் சந்தோசப்பட்டு எழுதியதும் வந்தது. ரெபேக்கா ஒரே ஒரு வரி அனுப்பினார்: "அவளுக்குப் பக்கத்தில நான் நிக்கமாட்டன்." பிறகு குழுவை விட்டுப் போய்விட்டார்.

எங்கள் நிர்வாகசபையில் ஒருவர் எஸிக்கு போன் எடுத்தார். இரண்டு பேரையும் விட்டுவிட்டு எஸியே போய்ப் பேசினால் பிரச்சினை இல்லை என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. இந்தச் சந்தர்ப்பம் போனால் அடுத்தது எப்போது என்று யாருக்குத் தெரியும்?

எஸி மறுத்தார். "நான் கதைச்சால் நல்லாக் கதைப்பன். ஆஸ்பத்திரிக்காரர் கைதட்டுவினம். அதோட முடிஞ்சிடும். இது அவை ரெண்டு பேரின்ரையும் வேலை ஜெசி. அவையள் என்ன செய்யப்போயினம் எண்டு பாப்பம்."

என்ன செய்யமுடியும் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்படி உடைந்தவை ஒட்டியதை நான் கண்டதில்லை.

அடுத்த நாள் நியாடெங் என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "சிஸ்டர் ஜெசி, உங்கட கார் இருக்கோ? ரெபேக்கா வீட்டை போகவேணும்."

"உங்களை அடிச்சுக் கலைப்பினம்."

"கலைக்கட்டும். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க ஏலாது."

செத்தவீடு

பார்க்கிங் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட். வாசல் நடைபாதை முழுக்கக் கழற்றிவிட்ட சப்பாத்துகள். வாசலில் நின்ற ரெபேக்காவின் மாமா நியாடெங்கைக் கண்டதும் கதவுக்குக் குறுக்கே கையை வைத்தார். இரண்டு இனத்துக்கும் பொதுவான அரபியில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று நியாடெங் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"உனக்கு இஞ்ச என்ன வேலை?"

"அழ வந்தனான்."

"உன்ர ஆக்கள் செய்ததுக்கோ?"

"ஓம்."

மாமா இதை எதிர்பார்க்கவில்லை போல. இருந்தும் கையை எடுக்கவில்லை. "ஹோலுக்குள்ள விடமாட்டன்" என்றார். நியாடெங் குசினிப் பக்கம் பார்த்தார். சிங்க் நிறைய, அதற்கு மேலாலும், ஊத்தைக் கோப்பைகள். "அங்க விடுங்கோ. நான் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டன்."

நான் துடைத்தேன், அவர் கழுவினார். ஹோலில் பெண்கள் அழுகிற சத்தம் ஏறி ஏறி வந்தது. கோப்பை எடுக்க வருகிறவர்கள் நியாடெங்கைப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஒரு பெண் அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனார். நியாடெங் குனிந்து அதைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த கோப்பையை எடுத்தார்.

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். மூன்றாம் நாள் மாமா கையைக் குறுக்கே வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்றுதான் ரெபேக்கா குசினிக்குள் வந்தார். கறுப்புச் சட்டை, வீங்கின கண். கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார். வீட்டாருக்குக் கேட்கக்கூடாது என்றோ, எனக்கு விளங்கவேண்டும் என்றோ தெரியாது.

"அவனைக் கொன்றது உன்ர ஆக்கள்."

நியாடெங் என்ன சொல்லுவார்? எல்லாரும் அப்படியில்லை என்பாரா? உங்கள் ஆட்கள் எங்களுக்குச் செய்யவில்லையா என்பாரா? நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர் தண்ணிக் குழாயைப் பூட்டினார். "ஓம். என்ர ஆக்கள்தான். நான் இல்லையெண்டு சொல்ல வரேல்லை, ரெபேக்கா."

"பிறகு ஏன் வந்தனி?"

"வேற எங்க போறதெண்டு தெரியேல்லை."

ரெபேக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நியாடெங் ஈரக்கையோடு பக்கத்தில் இருந்தார். தொடவில்லை. இருவரும் அழுதார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். போர் நடந்த நாட்டில் வளர்ந்தவள் நான். செத்தவீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை என் ஆயுளில் பார்க்கவில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு ரெபேக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வாற வியாழக்கிழமைக் கூட்டம் எத்தனை மணிக்கு?"

"அதை விடு இப்ப."

"விட ஏலாது. ஆனா என்னாலை கதைக்கவும் ஏலாது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்." நியாடெங்கைப் பார்த்தார். "என்ர பிள்ளையின்ர கதையை நீ சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறன்."

வியாழக்கிழமை

ஆஸ்பத்திரி மண்டபத்தில் கதிரை போதவில்லை. பின்னல் கடைப் பெண்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். தேவாலயத்துப் பெண்களும் பள்ளிவாசல் பெண்களும் சுவரோரம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் நிர்வாகிகள்.

இருவரும் எழும்பி முன்னுக்குப் போனார்கள். மண்டபத்தில் இருந்த தென் சூடான் ஆட்களுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கியது. அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

நியாடெங் மைக்கை எடுத்தார். "இது என்ர கதை இல்லை. எனக்குப் பக்கத்தில நிக்கிற ரெபேக்காவின்ர கதை. தம்பியைப் பறிகுடுத்து இன்னும் ரெண்டு கிழமை ஆகேல்லை. அதனால இண்டைக்கு என்ர வாயாலை சொல்லச் சொன்னவ. பிழையாச் சொன்னால் அவ திருத்துவா."

சொன்னார். அலங்காரம் ஒன்றும் இல்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டிய இடம் வந்தபோது ரெபேக்கா மெதுவாகத் தன் கையை வயிற்றில் வைத்தார். ஒரு இடத்தில் ரெபேக்கா குறுக்கிட்டார்: "இல்லை. அவையள் கோபமாக் கதைக்கேல்லை. அன்பாத்தான் கதைச்சவை. ஆனா நான் காட்டினது அவையளுக்கு விளங்கேல்லை." நியாடெங் தலையாட்டி, அப்படியே திருத்திச் சொன்னார். முன்வரிசையில் இருந்த மூத்த மிட்வைஃப் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

எஸி பின்சுவரோடு நின்றார். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் உடனே கிடைத்துவிடவில்லை. முதலில் பகலில் மட்டும் வார்டில் மொழிபெயர்ப்பாளர் போட்டார்கள். இரவுக்குப் போட இன்னும் எத்தனையோ கூட்டம் போகவேண்டி வந்தது. ரெபேக்காவின் மாமா அவரோடு இன்றுவரை கதைப்பதில்லை. நியாடெங்கையும் அவருடைய ஆட்கள் சிலர் துரோகி என்றார்கள். இருவரும் நெருங்கிய சிநேகிதிகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். சண்டை பிடிப்பார்கள். ஆனால் இப்போது அந்தப் பயிற்சியை நடத்துவது அவர்கள்தான்.

நான் படித்தது

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்பார்கள், தலைமைத்துவம் என்றால் என்ன அன்ரி என்று. ஃப்ளிப் சார்ட்டில் எழுதுகிற விளக்கங்கள் எனக்கும் தெரியும். அவை பிழையில்லை. நான் கண்டது இது: தன் ஆட்கள் செய்த பிழைக்கு முன்னால் 'ஓம்' என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் இருக்கிற தைரியம். ரெபேக்காவிடம் நான் கண்டது அதைவிடப் பெரிது. அதற்கு எனக்குப் பெயர் தெரியாது.

ஓய்வுபெற்ற பிறகு, பிளாஸ்டோவில் எங்கள் தெருவில் ஒரு சிங்களக் குடும்பத்துப் பெரியவர் இறந்துபோனார். கண்டால் தலையாட்டுகிற பழக்கம் மட்டும்தான். நான் செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"நீங்கள் இலங்கையில எந்த ஊர்?"

"மன்னார்."

அவருடைய கை இறுகியது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "இவரும் மன்னாரில இருந்தவர்" என்றார். "ஆமியில."

நான் எழும்பிப் போகவில்லை.