அத்தை கழுவிய விமானம்

“ஏய், அதத் தொடாதடி!”

சமையலறையிலிருந்து அத்தை போட்ட கூச்சலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த ஈரத்துணி நழுவித் தரையில் விழுந்தது. போன ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அது. வீட்டில் துடைக்காத பொருள் ஒன்று பாக்கியில்லை. மின்விசிறியின் இறக்கை, ஃப்ரிட்ஜின் மண்டை, கேஸ் சிலிண்டரின் கழுத்து எல்லாம் பளபளத்துக்கொண்டிருந்தன. டிவிக்கு மேலே பலகையில் நிற்கிற அந்த விமானத்தின்மேல் மட்டும் தூசி போர்வைபோலப் படிந்திருந்தது. பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மெட்ரோ வேலை நடக்கிறது. ஜன்னலைச் சாத்தினாலும் தூசி உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். சரி, இதையும் ஒரு துடை துடைத்துவிடலாம் என்று கையை நீட்டியதுதான் தாமதம். தண்ணீர் கேனைக்கூடத் துடைத்த பிறகுதான் வீட்டுக்குள் விடுகிற என் மாமியார், தூசியைத் துடைக்காதே என்று அலறுகிறார்! இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை அது.

அந்த விமானம் என் மாமனார் செய்தது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெயிண்ட் காயும்வரை பக்கத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது என்பாராம். அடித்த பெயிண்டில் ஒரு பொட்டுத் தூசி ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கோபம் வேறு மூக்குக்கு மேல் வரும். காபியில் ஆடை மிதந்தால் டம்ளர் பறக்கும் என்று கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் என்னை எச்சரித்து வைத்திருந்தார்.

ஆவடி விமானப்படை முகாமில் எப்போதோ ஒருமுறை பொதுமக்களை உள்ளே விட்டபோது, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த பழங்காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றை மாமா பார்த்திருக்கிறார். அது அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்த ஃபிளாட்டுக்கு வந்த பிறகு அதைச் சின்ன அளவில் செய்ய உட்கார்ந்தார். லேசான பால்சா கட்டையில் எலும்புக்கூடு, அதன்மேல் மெல்லிய துணி, இரண்டு இறக்கைகளையும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டத் தூண்டில் நரம்பு. விமானி உட்காரும் குழிக்குள் என் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு இருக்கை, அதற்கு ஒரு பெல்ட்! கடைசியில் மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்த அன்று, அது பொம்மை என்றே எனக்குத் தோன்றவில்லை. அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார்.

மறுநாள் காலையில் ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மாமா கறுப்பையும் பழுப்பையும் டர்பன்டைனில் கரைத்து, அந்தப் புது மஞ்சள்மேல் வழியவிட்டுக்கொண்டிருந்தார். கறுப்புச் சாக்பீஸை உரைத்துப் பொடியாக்கி, புகைபோக்கிக்குப் பின்னால் கரியாகப் பூசினார். சக்கரத்துக்குச் சேறு. விமானி ஏறும்போது கால் வைக்கிற இடத்தில் தேய்மானம். ஒரு பொட்டுத் தூசிக்கே சோறு இறங்காத மனுஷன், தன் கையால் செய்ததைத் தானே அழுக்காக்குகிறார்! “மாமா, என்ன பண்றீங்க!” என்று கத்தியேவிட்டேன். அவர் தலையைத் தூக்கவேயில்லை. “ஓடாத வண்டிதாம்மா பளபளன்னு இருக்கும். இது பறந்த வண்டி” என்றார். தண்ணீர் கேன் போட வருகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, நேத்து ஷோக்கா இருந்துச்சு, இன்னிக்கி இப்டி அழுக்கு புட்ச்சிகினு கீது?” என்று பதறினார். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏமாந்துட்டான் பாரு என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த அழுக்கு ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு கோடு போடுவார், காயவிடுவார், தூரப் போய் நின்று பார்ப்பார், துடைப்பார், மறுபடி போடுவார். இடையில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளரில் தெரிந்தது, பிறகு பிரஷ்ஷின் முனையில். இது கூடிக்கொண்டுதான் போகும், குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா நேராக வீட்டுக்கு வந்து விமானத்தின் முன்னால் உட்கார்ந்து, “இத முடிச்சிட்டா போதும்” என்றார். இன்னொன்று செய்ய அந்தக் கைக்கு வாய்க்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடைசி அழுக்கு வரைக்கும் ஒருவழியாக முடித்தார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: பொடியெல்லாம் உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். பண்டிகை கழியட்டும் என்று வைத்திருந்தார்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீஸுக்கு வேலை கொடுக்கிற வெளிநாட்டுக்காரனுக்கு ஏது ஆயுத பூஜை! நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். மாமாவும் என் கணவரும் பொரி, பூசணிக்காய் வாங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிருந்தார்கள். மீட்டிங் முடிந்து வெளியே வந்தேன். பூஜை அலமாரிக்கு முன்னால் கத்தி, சுத்தியல், என் லேப்டாப்பின் சார்ஜர் வரைக்கும் வரிசையாக இருந்தன. நடுவில் விமானம். பளீரென்ற மஞ்சள். இறக்கை இறக்கையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், மூக்கில் ஒரு செவ்வந்திப் பூ, சக்கரத்துக்கு முன்னால் அந்தச் சக்கரத்தைவிடப் பெரிய எலுமிச்சம்பழம்.

புகைக்கரியையும் சேற்றையும் தேடிக் குனிந்து பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

அத்தையின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. “பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டே சொட்டு, பழைய டூத்பிரஷ். ஒரு நரம்புகூட அறுந்துபோகல பாரு. கை நடுங்குதுல்ல, அவரால கழுவ முடியாதுன்னு நானே செஞ்சிட்டேன்” என்றார். அவரை என்ன சொல்வது? குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலமெல்லாம் ஆயுத பூஜை என்றால் சைக்கிளிலிருந்து லாரிவரை கழுவிப் பொட்டு வைத்தே பழகியவர். அழுக்கு வண்டியைச் சாமி முன்னால் நிறுத்துவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. மாமா செய்ததை ஒரு வண்டி என்று நம்பிய மரியாதைதான் அது. “அத்தே, அது அழுக்கு இல்ல, மாமா போட்ட பெயிண்ட்” என்றேன். அத்தை என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். “கறுப்பா வழிஞ்சப்ப, அழுக்குதான் போகுதுன்னு நெனச்சேனே...” என்று இழுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுக்காக்குவதை அவரும் பார்த்தவர்தான். ஆனால் பூஜைக்குக்கூடக் கழுவக் கூடாத ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

கதவு திறந்தது. மாமா பூசணிக்காயோடு உள்ளே வந்தார், பின்னாலேயே என் கணவர். நானும் என் கணவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்றைக்கு வீடு இரண்டுபடப் போகிறது என்று நினைத்தேன். மாமா பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு விமானத்தையே பார்த்தார். நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு, “கற்பூரத்த ஏத்து” என்றார். அவ்வளவுதான்! அன்று யாரும் சுண்டலைத் தொடவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனியிலேயே கிடந்தார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் காபியோடு ஹாலுக்கு வந்தவள் மறுபடியும் திகைத்து நின்றேன். மாமா பிரஷ் பிடித்திருந்தார். அத்தை அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். மகனுக்கு முன்னால் புருஷன் பக்கத்தில் உட்காரவே கூச்சப்படுகிற பெண்மணி அவர். வாயில் வைத்த காபியை விழுங்க எனக்கு மறந்துபோனது. சண்டை வேறு நடந்துகொண்டிருந்தது.

“பொக அங்க அப்பாதுங்க. நம்ம அடுப்புக்கு மேல பாத்ததில்லையா? சந்துலதான் போயி அப்பிக்கும்.”

“பறக்கும்போது காத்து பின்னால இழுக்கும்டி.”

“எறங்கி நின்னதுக்கப்புறம்? அப்ப எண்ணெ கீழதான ஒழுகும்?”

மாமா கொஞ்சம் யோசித்தார். “சரி, ஒழுக விடு” என்றார். அத்தை கையைத் தளர்த்தினார். நடுங்கிய பிரஷ்ஷிலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டிக் கீழே இறங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் அழுக்கைத் துரத்தியவர்கள் இப்படிப் பல காலைகள் சேர்ந்து உட்கார்ந்து அழுக்குப் போட்டார்கள். கீழ் இறக்கையின் அடியில் ஒரு குங்குமப் பொட்டை மட்டும் மாமா மறைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும், “மொதல்ல வார்னிஷ அடிங்கப்பா” என்று என் கணவர் பறந்தார். மாமா வேண்டாம் என்று தலையாட்டினார். “வார்னிஷ் அடிச்சா பொடி செத்துப்போகும், மினுமினுப்பு வந்துடும். அதான் இவ இருக்காளே, யாரு தொடப்போறா?” அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் மாமா போய்விட்டார், காலையில் காபி கேட்டவர் அதைக் குடிக்க இல்லை. அந்த அதிர்ச்சி இன்னும் எங்கள் வீட்டைவிட்டு முழுதாகப் போகவில்லை.

போன வருஷம் அத்தை போட்ட கூச்சலுக்கு வருகிறேன். கரண்டியோடு ஓடிவந்து எனக்கும் விமானத்துக்கும் நடுவில் நின்றார். “அத்தே, மேல இருக்கிற மெட்ரோ தூசியத்தான் எடுக்கப் போறேன். உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்” என்று சமாதானம் சொன்னேன். அவர் குனிந்து, மூக்கு படுகிற அளவுக்கு அருகில் போய் இறக்கையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

“எது ரோட்டுத் தூசி, எது அவரு போட்டதுன்னு எனக்குத் தெரியலடி. தெரிஞ்சா நானே தொடைக்க மாட்டேனா?”

நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அத்தை ஒரு விரலில் சந்தனத்தை எடுத்துவந்து, விமானத்தில் வைக்காமல், அது நிற்கிற பலகையின் ஓரத்தில் வைத்தார். நான் கீழே கிடந்த துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் துடைக்கப் போனேன்.