புதுக் கண்டென்சரும் கடை ரேடியோவும்

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை காலை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியசாமி அண்ணன் டிரான்சிஸ்டர் ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் பதுளை ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு வந்தார். அவர் மகள் பாடிய பாட்டைக் கொழும்பில் பதிவு செய்திருந்தார்கள். மறுநாள் காலை சிறுவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பு.

"புது பெட்டரி போட்டும் டுப்பு டுப்புன்னுதாங்க கத்துது. இன்னைக்கே பாத்துக் குடுங்க. எங்க லயத்துல அத்தனை வீடும் காத்துக்கிட்டு இருக்கு."

திறந்தால் உள்ளே ஒரே கரி.

"எங்க வைக்கிறீங்க?"

"அடுப்புக்கு மேல பரண்லங்க. பனி ஈரம் ஏறக்கூடாதுல்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரேடியோ என்ன கருவாடாங்க?"

ஈரத்துக்குப் பயந்து சூட்டில் வைத்ததில் பெட்டரி மின்சாரத்தைத் தேக்கிச் சீராகத் தரும் பெரிய கண்டென்சர் காய்ந்து போயிருந்தது. அதை மாற்றினால் போதும். ஆனால் அப்போது இறக்குமதித் தடை, நல்ல சாமான் கிடைக்காது. நாங்கள் நானா என்று கூப்பிடும் கடை முதலாளி பளபளவென்று ஒரு பெட்டிப் புதுக் கண்டென்சர் வாங்கி வைத்திருந்தார்.

நல்ல கண்டென்சரில் மீட்டர் ஊசி ஒருதரம் எகிறிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். இவற்றில் எகிறிய ஊசி பாதியிலேயே நின்றது. எல்லாமே லீக், மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசிந்தது. பெட்டியையே கொட்டிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை.

"புதுசுதானே தம்பி, போட்டு அனுப்புங்க. ரெண்டு நாளைக்காவது பாடும்."

"நாளைக்குக் காலையில பாடலன்னா? நான் போட மாட்டேன் நானா."

மேசைமேல் கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதிலும் அதே அளவு, அதே வோல்ட் கண்டென்சர்தான். வருடக்கணக்காக உழைத்த சாமான். என் பார்வை போன திக்கை நானா பார்த்துவிட்டார்.

"அதப் பாக்காதீங்க! அது பாடுறதுலதான் யாவாரமே நடக்குது!"

நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். நானா பெரியசாமி அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"சரி, கழட்டித் தொலைங்க!"

கழற்றி, மீட்டரில் பார்த்து, பெரியசாமி அண்ணன் ரேடியோவில் பிளஸ் மைனஸ் மாறாமல் பற்றவைத்தேன். டுப்பு டுப்பு நின்றது. இனிப் பரணில் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாக அனுப்பினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பளபளப்பை நம்பாதீர்கள், ஊசி சொல்வதை நம்புங்கள்.

அடுத்த வாரம் பெரியசாமி அண்ணன் சிரித்த முகமாக வந்தார். "எங்க பாப்பா பாடுனதக் கேட்டீங்களா?"

ஊமையாகக் கிடந்த கடை ரேடியோவைத் தட்டிக் காட்டினார் நானா.

"எங்களுக்கு எங்கங்க கேக்கும்? எங்க கண்டென்சர் மட்டும் ஒங்க வீட்டுக்கே வந்து கேட்டுச்சு!"