கடை மோட்டருக்குச் சபாபதி பெயரில் அர்ச்சனை

கிள்ளான் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பாரந்தூக்கி ஓட்டியவர் சபாபதி. எத்தனை டன் கொள்கலனாக இருந்தாலும் கப்பலில் ஒரு விரற்கடை பிசகாமல் இறக்கிவைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, இரண்டே சக்கரம் உள்ள வண்டிகளில் எதை வாங்குவது, வாங்குவதா வேண்டாமா என்று மூன்று வாரமாக விளங்கவில்லை.

அடுத்த மாதம் பணி ஓய்வு. ஒரு பெரிய மோட்டர் சைக்கிளில் மனைவி குமுதாவைப் பின்னால் உட்காரவைத்து, நாட்டின் வடகோடியான பெர்லிஸ் வரைக்கும் ஊர் ஊராகப் போக வேண்டும். அவருக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரே ஆசைதான். அதற்காக வீட்டில் சொல்லாமல் பெரிய மோட்டருக்கான லைசென்ஸ்கூட எடுத்துவிட்டார்.

ஆனால் குமுதா ஏறுவாளா? பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், காப்பார் சாலையில் அடைமழையில், அவர் ஓட்டிய கப்சாய் என்ற சின்ன மோட்டர் சறுக்கி விழுந்து அவளது வலது கால் முறிந்தது. அன்றிலிருந்து அவள் மோட்டர் பக்கமே வந்ததில்லை. ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதுமில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பார். அவளது மௌனம்தான் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவள் வராவிட்டால் இந்த மோட்டர் வெறும் இரும்பு.

முதல் வாரம் பெட்டாலிங் ஜெயா கடையில் ஓட்டிப் பார்த்த மோட்டர் மிக உயரம். சிவப்பு விளக்கில் நின்றபோது கால் கட்டை விரல் மட்டுமே தரையில் பட்டது. இரண்டாம் வாரம் பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் ஓட்டியது ஒரு யானைக்குட்டி. என்ஜின் சூட்டில் தொடை வெந்துபோனது. "முதல்ல ஓட்டினதே தேவல" என்று இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் அந்த யானைக்குட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாவது கடை கிள்ளானிலேயே இருந்தது. விற்பனையாளன் லோகன் படிவத்தை நீட்டினான். "அரை மணி நேரம் அங்கிள். டெமோ மோட்டர், கீறல் விழக்கூடாது லா."

"இன்னொரு ஹெல்மெட் குடு தம்பி."

"யாருக்கு?"

"தெரியல," என்றார் சபாபதி. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ராகு காலம். குமுதா கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பாள். வாசலில் மோட்டரோடு நிற்பது, அவள் வந்ததும் 'ஏறுவியா?' என்று கேட்டுவிடுவது. வீட்டில் எழாத நாக்கு கோயில் வாசலிலாவது எழாதா என்று நினைத்தார்.

கோயில் வாசலில் ஒரு புதுக் கார் நின்றது. அதன் பின்னால் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் ஒரு லோரி வந்து நின்றது. அது வாகன பூசைக்கான வரிசை என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஐயர் முகப்பு விளக்கில் சந்தனம் வைத்துவிட்டார்.

"சாமி, இது வந்து..."

"பேரு, நட்சத்திரம்?"

பிறந்தது முதல் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்லிப் பழகிய வாய். "சபாபதி, கேட்டை."

அவ்வளவுதான். மந்திரம் தொடங்கிவிட்டது. கைப்பிடியில் மல்லிகைச் சரம் ஏறியது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்தது. தடுப்பதா, கும்பிடுவதா? குழப்பத்தில் கும்பிட்டே விட்டார். கண்ணைத் திறந்தால், எதிரில் குமுதா!

"என்னங்க இது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்டீங்களா?"

"வாங்கல குமுதா. ஓட்டிப் பாக்க எடுத்தாந்தேன்."

"வாங்காத மோட்டருக்கு யாராச்சும் பூசை போடுவாங்களா?"

"சாமி பேர் கேட்டாரு. சொல்லிட்டேன்."

பின்னால் லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். "அண்ணே, சண்டைய வீட்ல போய்ப் போடுங்கண்ணே! நல்ல நேரம் ஓடுது!"

"ராகு காலத்துல ஏதுய்யா நல்ல நேரம்?" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

ஐயர் அவசரப்படுத்தினார். "பழத்து மேல ஏத்துங்கோ. அம்மாவும் பின்னாடி ஏறட்டும்."

"வேணாம் சாமி," என்றார் சபாபதி. "அவ ஏற மாட்டா. பெர்லிஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்னு ஆசப்பட்டேன். நான் குடுத்து வைக்கல."

குமுதா அவரையே பார்த்தாள். கண்களில் நீர் முட்டியது.

"ஏற மாட்டேன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? பத்தொம்போது வருசத்துல நீங்க ஒரு தடவையாவது 'வா'ன்னு கேட்டீங்களா? கால் வளைஞ்சவள ஏத்திட்டுப் போக உங்களுக்குத்தான் பிடிக்கலன்னு நெனச்சேன்."

தான் பயந்தது எதற்கு, அவள் காத்திருந்தது எதற்கு? இத்தனை ஆண்டுகள் யார் யாரைத் தண்டித்தது? ஒன்றும் புரியாமல் சபாபதி இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டினார். அவள் அவர் தோளைப் பிடித்து, முனகிக்கொண்டே ஏறினாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கடை வரைக்கும் அவளது நகங்கள் அவரது தோளில் பதிந்திருந்தன.

லோகன் சந்தனத்தையும் பூவையும் பார்த்து அலறினான். "அங்கிள்! இது டெமோ லா! புக் பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப வேணாமா?"

"அதுவும் தெரியல தம்பி."

"இது வேணாம்," என்றாள் குமுதா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவாறே. சபாபதியின் முகம் வாடியது. "முட்டி மடங்க மாட்டேங்குது. முதுகு சாய ஒண்ணுமில்ல. பெர்லிஸ் வரைக்கும் இப்படியே உக்காந்து வர முடியுமா?"

"பின்னாடி சாய்மானம் வெச்சது ஒண்ணு இருக்கு ஆன்டி. உயரமும் கம்மி."

"எடு. ஏறிப் பாக்கறேன்."

லோகன் புதிய படிவம் எடுக்க ஓடினான். சபாபதி மனைவியை, முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உனக்குப் பயமா இல்லையா குமுதா?"

"உயிரே போவுது," என்றாள் அவள், ஹெல்மெட் வாரை இறுக்கியபடி. "மெதுவா ஓட்டுங்க."