மூன்று முறை தட்டினால்

இதை இதுவரை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு நட்டமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். போன நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் ஜோனத்தன். லூமுட் படகுத் துறையில் பைப் வேலை. பாய்மரப் படகுகளில் பாத்ரூம் குழாய் மாற்றுவதுதான் என் பிழைப்பு. அலமாரி அளவு பாத்ரூமுக்குள் உடம்பை மடக்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும் என் தங்கை செரீனா வீட்டுக் குழாய் எனக்கு ஒரு வேலையே இல்லை என்று நினைத்தேன். திமிர், வேறென்ன?

செரீனாவுக்குக் குழந்தை பிறந்து மூன்று நாள். மறுநாள் காலை தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். அந்த வீட்டில் இருப்பதே பாத்ரூமில் ஒரு குழாய்தான். அதுவும் பிடி உடைந்து, சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது. பச்சைப் பிள்ளையோடு வருகிறவளுக்கு வீட்டில் தண்ணீர் இருக்க வேண்டும். அன்று எனக்கு அது ஒன்றுதான் கவலை.

தண்ணீரை நிறுத்தும் வால்வு மேலே, தேயிலைச் சரிவின் உச்சியில், பிளாஸ்டிக் தொட்டிப் பக்கம் இருக்கிறது. நடந்து போக பதினைந்து நிமிடம். அங்கே போன் லைன் கிடைக்காது. அதனால் செரீனாவின் கணவன் ஷர்வினை மேலே போகச் சொன்னேன்.

“மச்சான், நான் பைப்புல ஸ்பேனரால தட்டுறேன். ஒண்ணு தட்டுனா மூடு. ரெண்டு தட்டுனா திற. படகுல நாங்க அப்படித்தான் செய்வோம்.”

“சரி லா மச்சான். நான் மேல போனதும் முதல்ல மூடிடுறேன்.”

3.40க்குக் கிளம்பினான். 3.55க்குச் சொட்டு நின்றது. பழைய குழாயைத் திருகினேன். பாதியில் முறிந்து, மரை முனை சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. நோண்டி எடுக்க முக்கால் மணி நேரம். விரல் கிழிந்து ரத்தம். வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

4.45. புதுக் குழாயை மாட்டினேன். இரும்பு பைப்பில் இரண்டு தட்டு. டங்... டங்.

தண்ணீர் வந்தது. ஆனால் அடிப்பக்கம் கசிந்தது. எரிச்சலோடு ஒரு தட்டு. அந்த நொடியே நின்றது. மச்சான் இவ்வளவு சுறுசுறுப்பா என்று ஆச்சரியப்பட்டேன்.

குழாயைக் கழற்றும்போது பைப்பிலிருந்து சத்தம் வந்தது.

டங்... டங்... டங்.

மூன்று. மணி 4.52. மூன்று என்று நாங்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லையே? மேலே உட்கார்ந்துகொண்டு விளையாடுகிறானா? எனக்குக் கடுப்பு ஏறியது.

கசிவு தடுக்கும் வெள்ளை டேப்பைப் புதிதாகச் சுற்றி மறுபடி மாட்டினேன். வெளியே பனி இறங்கி, ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. 5.20. இரண்டு தட்டு.

தண்ணீர் வரவில்லை. டங்... டங்... டங்.

இரண்டு தட்டினேன்.

மூன்று வந்தது. இந்த முறை வேகமாக.

“விளையாடாத மச்சான்!” என்று ஜன்னல் வழியே கத்தினேன். பனியில் எதிர் லயம்கூடத் தெரியவில்லை.

டங் டங் டங். டங் டங் டங்.

பொறுமை போய்விட்டது. ஸ்பேனரை ஓங்கி அடித்தேன். இரண்டு. இரண்டு. இரண்டு. பைப்பில் பெயின்ட் உதிர்ந்தது. இன்னும் அடித்தேன்.

எல்லாம் அடங்கியது...

5.31. குழாய் இருமியது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. செம்மண் நிறம். கசிவு இல்லை. அப்பாடா என்று இருந்தது. கசடு போகட்டும் என்று ஓட விட்டேன்.

டங்.

ஒன்று. மூடு.

இப்போது எதற்கு மூடச் சொல்கிறான்?

டங். முன்போல ஓங்கி இல்லை, ஏதோ நகத்தால் தட்டியதுபோல. டங். பிறகு இன்னும் மெல்ல...

நான் மூடவில்லை.

5.38. சத்தம் நின்றது.

“மச்சான்.”

தூக்கிவாரிப் போட்டது. வாசலில் ஷர்வின். தலையெல்லாம் பனி ஈரம்.

“ஏன் தட்டவே இல்ல? இவ்வளவு நேரம் குளிர்ல உக்காந்திருந்தேன். பொறுக்க முடியாம எறங்கி வந்துட்டேன்.”

“வால்வ எப்ப திறந்த?”

“திறக்கவே இல்லையே. மூடுனதோட சரி.”

திரும்பினேன். புதுக் குழாய் திறந்தபடியே இருந்தது. ஒரு சொட்டு வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். வேலை ஆரம்பிக்கும் முன்பே அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும். படகில் நான்கு பக்கமும் பார்க்கிறவன், லயம்தானே என்று அலட்சியமாக விட்டுவிட்டேன். இரும்பு பைப் சுவரைத் தாண்டி இரண்டடிதான். அதற்கு மேல் மலை வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பைப். பிளாஸ்டிக்கில் தட்டினால் பத்தடிகூடக் கேட்காது.

இருவரும் சேர்ந்தே மேலே போனோம். வால்வு இறுக மூடியிருந்தது. ஷர்வின் திறந்தான். கீழே வந்தோம். தண்ணீர் ஒழுங்காக வந்தது. இரவு நான் தூங்கவில்லை.

காலை 9.30க்குச் செரீனா குழந்தையோடு வந்தாள். குளிப்பாட்டுவதற்காக உள்ளே போனாள். அப்போது பக்கத்து வீட்டு திலகம் அக்கா வாசலுக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“தம்பி, நேத்து பைப்புல தட்டுனது நீங்களா?”

“ஆமாக்கா.”

“ரெண்டு ரெண்டா தட்டுனது நீங்க. மூணு மூணா தட்டுனது யாரு?”

திலகம் அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார்.

“முன்னாடி எல்லாம் இரும்பு பைப்பு. மேல சிமெண்ட் தொட்டி. இந்தத் தோட்டத்துலயும் தட்டித்தான் பேசிக்குவாங்க. ஒண்ணுன்னா மூடு, ரெண்டுன்னா திற. மூணுன்னா, தொட்டிக்குள்ள ஆள் எறங்கிக் கழுவிக்கிட்டு இருக்கு, திறக்கச் சொல்லாதீங்கன்னு அர்த்தம்.”

கையால் மலை உச்சியைக் காட்டினார்.

“எங்கப்பா வீரப்பன்தான் கழுவுவாரு. ஒருநா கீழ யாரோ அவசரப்பட்டு ரெண்டு ரெண்டா தட்டிட்டாங்க. ஓடையிலருந்து தொட்டிக்குத் தண்ணி விடுற வால்வுல நின்ன ஆளு திறந்துட்டான். பெரிய பைப்புத் தண்ணி அப்பாவ அடிச்சுத் தள்ளிக் கொன்னுருச்சு. எனக்கு அப்ப ஒம்பது வயசு. அந்தத் தொட்டிய மண்ணு போட்டு மூடியே இருபது வருஷம் ஆச்சு தம்பி.”

அந்த வீரப்பன் நேற்று எத்தனை தடவை சொன்னார்... உள்ளே ஆள் இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது என்று. நான் பதிலுக்கு ஸ்பேனரை ஓங்கி ஓங்கி, திற, திற என்று அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மூடச் சொல்லியும் மூடவில்லை.

பாத்ரூமில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“செரீனா,” என்று கத்தினேன். “மூடு. முதல்ல அதை மூடு!”