சலோமி அக்கா பின் அடித்த கடைசி அத்தியாயம்

அன்று காலை ஷிப்டுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ் வழக்கம்போலப் புதுவாயலில் நின்றது. சலோமி அக்கா நிற்கும் டீக்கடை வாசலில் அவரைக் காணவில்லை. எங்கள் டிரைவர் அண்ணன் யாருக்காகவும் ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார். அக்காவுக்கு மட்டும் காத்திருப்பார். அவர் மனைவியும் அக்காவிடம் புத்தகம் வாங்கிப் படிக்கிறவர் என்பதுதான் காரணம். அப்போது அக்கா தெருவில் இருக்கும் தேவகி மட்டும் ஏறினாள். யூனிபார்ம் போட்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா வரமாட்டாங்கண்ணா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. நீங்க வண்டிய எடுங்க."

அண்ணன் உடனே எடுக்கவில்லை. டீக்கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அக்காவைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் பாஸ்டரம்மா கேட்டார். நாலு வரியில் அடங்குகிற ஆள் இல்லை அவர். அதோடு, இதில் பாஸ்டரம்மாவும் வருகிறார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், எங்கள் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவர். சாப்பாட்டுப் பையோடு இன்னொரு பை எப்போதும் அவர் தோளில் தொங்கும். அதில் கிறிஸ்தவக் காதல் நாவல்களும், விசுவாசிகளின் வாழ்க்கைக் கதைகளும், தியானப் புத்தகங்களும் இருக்கும். கன்வென்ஷன் கூட்டங்களுக்கு வெளியே விரிக்கும் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தேடித்தேடி வாங்கியவை. புதுவாயலில் அவர் ஏறினால் கம்பெனி கேட் வருவதற்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம்தான் எங்கள் லைப்ரரி.

என்ன மாதிரிக் கதை பிடிக்கும் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. "ஊட்ல இன்னா நடக்குது?" என்றுதான் கேட்பார். சொன்னதைக் கேட்டுவிட்டுப் பைக்குள் கைவிட்டால் அதற்கேற்ற ஒன்று வெளியே வரும். ஒரு சித்திரை மாதம் எல்லாரும் வெந்துபோய் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் ஒரு தடிப் புத்தகத்தை நீட்டி, "முழுக்கப் பனி பெய்ற ஊர்ல நடக்குற கதை. நம்ம வெயிலுக்கு நல்லது" என்றார். தேவகி அம்மன் கோயிலுக்கு விரதம் இருக்கிற பெண். நான் படிக்கலாமா அக்கா என்று தயங்கினாள். ஜெபம் வரும் பக்கங்களைத் தாண்டிக்கொள், ஆனால் தாண்டினால் கதை புரியாது, அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது என்றார் அக்கா. தேவகி ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. பக்கத்தின் மூலையை மடித்து வைக்கிறவர்களுக்கு மட்டும் அடுத்த புத்தகம் கிடைக்காது. அந்தத் தண்டனையை நான் இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் பிறருக்குக் கொடுக்க மாட்டார். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பெண்களுக்கு, போகிற வழியில் கெட்ட முடிவு வேண்டாம் என்பார். படித்துப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைப்பார். "நடுவுல அழுகை வரும். முடிவு நல்லது." எல்லாச் சீட்டிலும் அந்தக் கடைசி இரண்டு வார்த்தை கட்டாயம் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதுதான் என் கதைக்குக் காரணம். வருஷம் முடிந்ததும் சபைக் காலண்டர்களைச் சேர்த்துவைத்து, அந்தத் தாளில்தான் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போடுவார். என் அம்மாவின் தின தியானப் புத்தகத்துக்கும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், மீஞ்சூரில் எங்கள் வீட்டில் வியாழக்கிழமை ஜெபக்கூட்டம். எல்லாரும் முக்காடு போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய தியானத்தை நான் வாசிக்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்தேன், சீட்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன், சபையில் வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தேன். மலையடிவாரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எத்தனை காலம் நீ தனியாக இருப்பாய் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை வாசித்து முடித்த பிறகுதான், அதே மாதிரி அட்டை போட்ட அக்காவின் நாவலை எடுத்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் பின்வரிசையில் யாரோ ஒருவர் ஆமென் சொல்லிவிட்டார்.

நான் அப்போது முப்பத்து மூன்று வயது விதவை. கல்யாணமான இரண்டாம் வருஷமே என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். அதனால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பாஸ்டரம்மா அடுத்த வியாழனே ஒரு வரனோடு வந்தார். "நான் கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன். கர்த்தரே உன் வாயால பேச வெச்சிட்டாரு" என்றார். வேப்பம்பட்டில் சொந்த வீடு, மனைவியை இழந்தவர், பத்து வயதில் ஒரு மகள். குடி இல்லை. ஒரே ஒரு விஷயம், வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா அன்றே அழுது ஸ்தோத்திரம் சொல்லிவிட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள்.

அந்தச் சமயம்தான் என்னை லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள் என் பேச்சைக் கேட்டு வேலை செய்தார்கள். வேலையை விடவும் மனமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும், இது தேவசித்தம் என்றே சொன்னார்கள். பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். என் நிலையில் இருக்கிறவளின் கதை ஏதாவது கொடுங்கள், அவள் என்ன செய்தாள் என்று பார்க்கிறேன் என்றேன். அவர் அன்று பைக்குள் கைவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு புத்தகம் தந்தார். கதாநாயகி ஒரு விதவை டீச்சர். அவளைப் பெண் கேட்டு வருகிறவர் நல்ல மனிதர். எனக்காகவே எழுதினதுபோல் இருந்தது. ஆனால் கடைசி அத்தியாயத்தை மொத்தமாகச் சேர்த்து மூன்று ஓரமும் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார். சீட்டையும் காணவில்லை.

"நீ பதில் சொன்னப்புறம் பிரி" என்றார்.

ஏன் அக்கா என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பத்தொம்பது வயசுல ஒரு கதையப் படிச்சி முடிச்ச கையோட, எங்க ஊட்ல கேட்டதுக்கு சரின்னுட்டேன். கதைல அவ சொன்ன சரிய நான் சொன்னேன். அவரு நல்லவருதான், ஒண்ணும் கொறை சொல்லமாட்டேன். ஆனா அந்த சரி என்னுது இல்ல ஷீலா."

இத்தனை வருஷப் பழக்கத்தில் தன் வீட்டைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். காதல் கதை கொடுக்கிறவரே கதையை நம்பாதே என்று சொல்கிறாரே என்று அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

மாதக் கடைசியில் நானே அந்த மனிதரிடம் பேசினேன். வேலையை விடாமல் வரலாமா என்று கேட்டேன். அவர் யோசித்து, தன் மகளுக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னார். அப்படியென்றால் வேண்டாம் என்றேன். பாஸ்டரம்மா இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா இன்றைக்கும் அந்த வீட்டை நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வீடு பெரிதாகிவிடுகிறது. திங்கட்கிழமை பஸ் ஏறினால் சரியாகிவிடும்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புத்தகத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் பின்னைப் பிரிக்கவில்லை. டீச்சர் சரி என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று பயம். அதைவிடப் பெரிய பயம், நல்ல முடிவு இல்லாமல் ஒரு புத்தகத்தையும் கொடுக்காத அக்காவுக்கு என் முடிவு ஏமாற்றமாகப் போயிருக்குமோ என்பது. ஆறு வருஷமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். ஒரு நாளும் கேட்க வாய் வரவில்லை.

அடக்கத்துக்கு எங்கள் ஷிப்டுப் பெண்கள் எல்லாரும் யூனிபார்மோடு போனோம். அவரவர் கையில் இருக்கிற புத்தகத்தை அவரவரே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய மகன் சொன்னார். அவருடைய லாக்கரில் இருந்த ஸ்டேப்ளரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் வீட்டில் உட்கார்ந்து, நகத்தால் ஒவ்வொரு பின்னாகப் பிரித்தேன்.

டீச்சர் சரி என்று சொல்லிவிட்டாள். சர்ச் மணி அடிக்கிறது, பிள்ளைகள் பூத் தூவுகிறார்கள். படிக்க நன்றாகவே இருந்தது. பயந்த மாதிரி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பக்கத்தில் சீட்டு இருந்தது. நான் பதில் சொல்வதற்குச் சில வாரம் முன்பே எழுதி உள்ளே வைத்துப் பின் அடித்த சீட்டு. பேக்கிங் செக்‌ஷன் மார்க்கரில், பெரிய எழுத்தில்: "ரெண்டு முடிவும் நல்லது."

வாய்விட்டு அழுதேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, கதையில் யார் செத்தது என்று கேட்டாள்.

எங்கள் பஸ்ஸில் வருகிற ஒருத்திக்கு இப்போது வீட்டில் வரன் பார்த்திருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன். அவள் போன வாரம் என் பக்கத்து சீட்டில், அக்கா உட்காரும் இடத்தில் வந்து உட்கார்ந்து, படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சீட்டை இருந்த இடத்திலேயே வைத்து, பழைய ஓட்டைகளின் மேலேயே மறுபடி பின் அடித்து, அவளிடம் கொடுத்திருக்கிறேன். புத்தகம் அவளிடம் இருக்கிறது. ஸ்டேப்ளரை நான் வைத்துக்கொண்டேன். ஜெபத்தன்று அவளுக்கு ஷிப்டு, இதைக் கேட்க வரமாட்டாள். நீங்கள் யாரும் அவளிடம் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் அவள் தன் பதிலைச் சொல்லட்டும்.