மூடி வைத்த கிண்ணம்

யோகராணியின் நெற்றிப் பொட்டைப் பற்றிக் கதைக்காத வாய் கனடாவின் ஸ்காபரோவில் குறைவு. இறுதிப் போரின் கடைசி நாட்களில் புருஷன் ஜெயரட்ணம் ஒரு பஸ்ஸில் ஏறியதைக் கண்டவள் அவள். இறங்கியதைக் கண்டவர் எவருமில்லை. பதினாறு வருடமாகிறது. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது அவர் பேரையும் அத்த நட்சத்திரத்தையும், வேலைக்குப் போயிருக்கும் மனிசனுக்குச் சொல்வதுபோலத்தான் இன்றைக்கும் சொல்வாள்.

மார்கழி பிறந்ததும் பக்கத்து ஊர் அஜக்சிலிருந்து மச்சாள் சிவமலர் போன் எடுத்தாள். ஜெயரட்ணத்தின் தமக்கை.

"தை அமாவாசைக்கு ஐயரோடை கதைச்சிட்டன் யோகம். அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிப்பம். என்ரை தம்பி ஒரு வாய் தண்ணியில்லாமல் எங்கை அலையிறானோ."

"உயிரோடை இருக்கிறவருக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சால், நாங்களே அவரைச் சாகடிச்சமாதிரி, மச்சாள்."

"உந்தப் பொட்டுக்காண்டி எத்தினை வருசம் உந்தக் கதை? அவன் செத்திருந்தால் அவன்ரை பசிக்கு ஆர் பொறுப்பு? நத்தார் முடிய ஒரு முடிவு சொல்லும்."

அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டது. இருக்கிறவருக்குச் செய்தால் பாவம். இல்லாதவருக்குச் செய்யாவிட்டாலும் பாவம்.

அவளுக்கு வேலை பிக்கரிங்கில், எண்பத்தெட்டு வயது இங்கர் அன்ரியின் வீட்டில். குளிக்க வார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, சமைப்பது. டென்மார்க்கிலிருந்து வந்த மனுசி. யோகராணி என்று முழுதாய்ச் சொல்ல நாக்கு வளையாது; "யோகா" என்றுதான் கூப்பிடுவார். "இந்த உடம்போடை எனக்கு உந்தப் பேர்" என்று அவளும் சிரித்துவிட்டு விடுவாள்.

அங்கே நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முதல்நாள்தான் பெரிய விருந்து. விருந்து முடிய ரிசலமாங் என்றொரு இனிப்பு. பாலில் குழைய வேகவைத்த சோற்றை ஒரு நாள் ஆறவிட்டு, கிறீம் அடித்துக் கலந்து, வனிலாவும் நறுக்கிய பாதாமும் சேர்த்து, மேலே சூடான செர்ரிப் பாகு விடுவார்கள். முதல் வருடம் அதைப் பார்த்து, "ஆறிப்போன பாற்சோறு, இதுக்கு இவ்வளவு எடுப்பா" என்று யோகராணி மனதுக்குள் நினைத்தாள். ஆனால் விசயம் சோற்றில் இல்லை. நறுக்காத முழுப் பாதாம் ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கும். யாருக்குக் கிடைக்கிறதோ, அவர் அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வாயே திறக்கக்கூடாது. எல்லாருடைய கிண்ணமும் காலியான பிறகுதான் காட்டவேண்டும். பரிசு, பாதாம் மாவில் செய்த பன்றிக்குட்டி.

இங்கரின் கை நடுங்கத் தொடங்கியபின் கிண்டுவது யோகராணிதான். இம்முறை வெந்நீரில் ஊறிய பாதாமைத் தோலுரித்துக்கொண்டு நிற்கையில், மச்சாள் சொன்னதை அவள் சொல்லிவிட்டாள். இங்கர் யன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்தபடி சொன்னார்.

"என் மாமா ஒருவர் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. அம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் அவருக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். மற்ற வீடுகளில் இந்தப் பழக்கம் இல்லை, எங்கள் வீட்டில் மட்டும்தான். ஏழாவது வருடம் ஒருவர் கன்னத்திலும் பாதாம் இல்லை. மாமாவின் கிண்ணத்தைக் கிளறினோம். அடியில் கிடந்தது. அடுத்தநாள் அம்மா துக்கத்துக்குக் கறுப்புச் சட்டை தைத்தாள்." திரும்பி அவளைப் பார்த்தார். "உன் ஆளுக்கும் ஒன்று வை, யோகா."

யோகராணி பாதாமைக் கீழே வைத்தாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மச்சாளுக்கு என்ன பதில் சொல்வது என்ற நினைப்பு முந்திக்கொண்டது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இங்கரின் மகள் ஜூலியும் மருமகன் லெஸ்லியும் வந்து அமர்ந்தார்கள். யோகராணி ஐந்து கிண்ணங்களில் போட்டாள். முழுப் பாதாம் எதற்குள் விழுந்ததென்று அவளுக்கும் தெரியாது. ஐந்தாவதை ஒருவரும் உட்காராத வெறும் கதிரைக்கு முன்னால் வைத்து, கரண்டியைக் குழி மேலே பார்க்கக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டு, ஒரு தட்டால் மூடினாள்.

"ஏன் மூடுகிறாய்? பறந்துவிடுமா?" என்றான் லெஸ்லி.

"பிந்தி வாறவரின்ரை சாப்பாட்டை மூடித்தான் வைக்கிறது" என்று தமிழிலேயே சொன்னாள். படையல்தான் திறந்து கிடக்கும். அதை அவள் சொல்லவில்லை.

சாப்பிட்டார்கள். லெஸ்லி வேண்டுமென்றே கன்னத்தை உப்பிக் காட்டினான். "ஏமாற்றுக்காரா!" என்று ஜூலி முதுகில் அடித்தாள். யோகராணி மூடிய கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்தே தின்றாள். மற்றவர்களின் கிண்ணம் காலியானபோதும் அவளுடையதில் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

"சரி, யாரிடம்?" என்றாள் ஜூலி.

லெஸ்லி வாயைத் திறந்தான். வெறும் வாய். ஜூலியிடமும் இல்லை. இங்கர் பல்லில்லாத வாயை ஆவென்று திறந்து காட்டினார். யோகராணி தன் மிச்சத்தைக் கரண்டியால் நசுக்கிப் பரப்பினாள். மெதுமெதுவென்ற சோறு, வேறொன்றுமில்லை. பெரிய பாத்திரம் வழித்தெடுத்ததுபோல் கிடந்தது.

எல்லாருடைய கண்ணும் ஐந்தாவது கிண்ணத்துக்குப் போனது.

"நீங்கள் திறவுங்கோ அன்ரி."

"உன் ஆள். நீதான்."

தட்டின் அடிப்புறம் வேர்த்திருந்தது. வைத்ததோ குளிர்ந்த சோறு, மேலே ஒரு கரண்டிப் பாகு. அவள் தூக்கினாள்.

கிண்ணம் காலியாய் இருந்தது. சோறு இல்லை, பாதாம் இல்லை. சுற்றிச் சுற்றி வழித்ததில் செர்ரிப் பாகு மெல்லிய சிவப்பு வளையங்களாய்ப் படிந்திருந்தது. நடுவில் கரண்டி, கவிழ்த்து வைத்தபடி. ஈ மொய்க்கும் என்று தேத்தண்ணிக் கரண்டியைக்கூடக் கவிழ்த்துத்தான் வைப்பார் ஜெயரட்ணம். அதை அவள் இந்த வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"லெஸ்லி, இது பகிடி இல்லை" என்றாள் ஜூலி. அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். மேசையை விட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்பது நாலு பேருக்கும் தெரியும்.

இங்கர் மட்டும் வெறும் கதிரையைப் பார்த்தபடி இருந்தார். "மாமா சாப்பிடவில்லை" என்றார் மெதுவாக. "இவர் சாப்பிட்டுவிட்டார். பாதாம் கன்னத்துக்குள் இருக்கிறது. விளையாட்டு முடியாமல் எப்படிக் காட்டுவார்?" நடுங்கும் விரலால் யோகராணியின் கிண்ணத்தைத் தொட்டார். "உன்னிடம்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது."

ஒரு வாய்ச் சோறு. அதை விழுங்கிவிட்டால் காட்டியே ஆகவேண்டும். வாசலில் உயிரோடு வந்து நின்று காட்டுவாரோ, அந்தக் கதிரையிலிருந்தே காட்டுவாரோ. பதினாறு வருடமாய்த் தேடியது இப்போது அவளுடைய கரண்டியின் நுனியில் இருந்தது.

தூக்கினாள். உதடுவரை வந்தது.

வெறும் கதிரைப் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கடினமான பருப்பு ஒன்று பல்லில் பட்டு, மற்றக் கன்னத்துக்குப் புரண்டதுபோல.

யோகராணி கரண்டியை இறக்கினாள். சோறு கிண்ணத்துக்கே போனது. கரண்டியைக் கவிழ்த்து வைத்தாள். அந்தத் தட்டை எடுத்துத் தன் கிண்ணத்தை மூடினாள். பன்றிக்குட்டி மேசை நடுவில் யாருக்கும் சேராமல் கிடந்தது.

கைப்பைக்குள் போன் அடித்தது. மச்சாள்.

"என்ன யோகம், முடிவெடுத்தாச்சே?"

"ஓம் மச்சாள். ஐயரை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே? அவன் பசியோடை..."

"பசியில்லை. அவர் சாப்பிட்டிட்டார்." மூடிய கிண்ணத்தின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். "நான்தான் இன்னும் முடிக்கேல்லை. ஒரு வாய் கிடக்கு. அது அப்பிடியே கிடக்கட்டும்."