கொலையாளியின் பெயரைச் சொல்லிவிட்ட வாரம்

மர்ம நாவலுக்கு மெய்ப்புத் திருத்துகிறவளின் கண்ணுக்குப் பிழை தப்பக் கூடாது. வாயிலிருந்து கொலையாளியின் பெயர் தப்பக் கூடாது. தொண்ணூறுகளில், தியாகராய நகரின் மாத நாவல் அலுவலகமொன்றில் நான் பட்ட பாடு, வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கும் எவருக்கும் புரியும்.

சொல்லாத சமையற்காரி

இரண்டு மாதங்களில் இரண்டு பாகங்களாக வரவேண்டிய கதை. கொலையை நேரில் பார்த்த சமையற்காரி, முதல் பாகம் முழுவதும் வாய் திறக்கவில்லை. ‘பார்த்தவள் ஏன் சொல்லவில்லை?’ என்று ஓரத்தில் எழுதினேன். கோடம்பாக்கத்திலிருந்து வந்த எழுத்தாளர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “அவ அப்பவே சொல்லிட்டா, ரெண்டாவது பாகத்துல நான் என்னம்மா, கோலமா போடுவேன்?”

எதிர்வீட்டு மாமி

இரண்டாம் பாகத்தின் இறுதி அத்தியாயம் ஒட்டிய உறையில் வரும். கணினியில் தட்டெழுதும் நசீமாவும் நானும் முதலாளியும் தவிர எவரும் பார்க்கக் கூடாது என்பது அலுவலக நியதி. அந்த உறை வந்த வாரச் சனிக்கிழமை, முதல் பாகத்தைப் படித்துவிட்டுக் காத்திருந்த, மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாளன்னிக்கு நேக்கு ஆபரேஷன். கண் முழிக்கலேன்னா, யார் கொன்னான்னு தெரியாமலே போகணுமாடி?”

மனம் இளகிற்று. காதோடு சொன்னேன்: “டாக்டர்.”

மாமியின் முகம் வெளிறியது. “டாக்டரா! அடிப்பாவி, இதை இப்பவா சொல்லுவே?”

அஞ்சலட்டை

மாமி கண் விழித்தார். வார்டு முழுவதற்கும் கதை சொன்னார். வெள்ளிக்கிழமை, புத்தகம் கடைக்குப் போகுமுன்பே அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது: ‘கொலையாளி டாக்டர்தானே?’ முதலாளி நசீமாவை மட்டுமே பார்த்தார். நாளை முதல் வரவேண்டாம் என்றார். “நான் யார்கிட்டயும் சொல்லல சார்” என்று நின்றாள் அவள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடே ஓடியது. நானோ அடுத்த பக்கத்தின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை! என்னை நினைத்து எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

மூன்று மணிக்கு முதலாளியின் அறைக்குள் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “அந்தப் பொண்ணை நான் வேலைல வச்சுக்கறேன். ஆனா இது நம்மோட இருக்கட்டும்மா. அப்புறம் நான்ல அதுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்?”

நசீமாவின் மேசை

நேராக நசீமாவிடம் சென்று, சொன்னவள் நானே என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்க்கா. பொழைச்சுட்டேன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி உங்க எதிர்வீட்டு மாமி முந்தாநாளே ஆபீஸுக்கு போன் பண்ணாங்க, நான்தான் எடுத்தேன், வார்டுல கதை சொன்னதையும் சொன்னாங்க. நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்.”

மர்மக் கதைகளில் வாய்மூடி இருப்பவர்கள் கொலையாளிக்கு அஞ்சுவதைவிடத் தம் நல்ல பெயருக்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்பதை நான், விடுப்பு ஏதும் எடுக்காமல், அலுவலக நேரத்துக்குள்ளேயே கற்று முடித்தேன்.